பெயர் தெரியாத ஆஸ்திரேலியப் பறவை: அடையாளம் எங்கே தடுமாறுகிறது என்று கண்டறியும் வழி

புதிய பறவை ஒன்றைக் கண்டதும் கையேட்டைப் புரட்டத் தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் பிழை. பறவை கிளையில் அமர்ந்திருக்கும் அரை நிமிடத்தில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டு, அது பறந்து போன பிறகு படங்களோடு நினைவை ஒப்பிட்டால், நினைவு படத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டுவிடும். மார்பில் கோடுகள் இருந்தனவா என்று படத்தைப் பார்த்தபடி யோசிக்கும் மனம், இருந்தன என்றே சொல்லும்.

ஆஸ்திரேலியாவில் 800க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் ஒரே இடத்தில், ஒரே மாதத்தில் காணக்கூடியவை மிகச் சிலவே. ஆகவே அலகின் வடிவம், கண்ணின் நிறம், நடக்கிறதா தத்துகிறதா என்பது, தரையிலா புதரிலா மர உச்சியிலா என்பது, இடம், மாதம் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உடல் நிறத்தைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவை மட்டும் சென்டிமீட்டரில் எழுதாமல், பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று இருந்தால் அதைவிடப் பெரியதா சிறியதா என்று எழுதுங்கள். கீழே உள்ளவை, என் அனுபவத்தில் அடையாளம் மிகுதியாகத் தடுமாறும் இடங்கள். உங்கள் தடுமாற்றம் எதுவோ அந்தத் தலைப்பிலிருந்து தொடங்கலாம்.

மைனா என்கிறார்கள், ஆனால் மைனாவைப் போல இல்லை

சாம்பல் நிற உடல், மஞ்சள் அலகு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் திட்டு, கூட்டமாக ஓயாத கூச்சல் என்றால், நீங்கள் பார்ப்பது நாய்சி மைனர். ஆங்கிலத்தில் மைனர், மைனா என்ற இரண்டு பெயர்களும் ஏறத்தாழ ஒரே போல ஒலிப்பதால் குழப்பம் காதிலேயே தொடங்கிவிடுகிறது. நாய்சி மைனர் ஆஸ்திரேலியாவுக்கே உரிய, தேனருந்தும் பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர் மைனாவோ 1860களில் மெல்பர்னுக்குக் கொண்டுவரப்பட்டு, கிழக்குக் கரை நகரங்களெங்கும் பரவிய வந்தேறி.

உறுதி செய்ய எளிய வழி, பறவை பறக்கும் வரை காத்திருப்பதுதான். இறக்கையில் பெரிய வெள்ளைத் திட்டு பளிச்சிட்டால் அது மைனா. திட்டு இல்லாமல் சாம்பலாகவே பறந்தால் மைனர். மைனாவின் உடல் பழுப்பு, தலை முழுக் கறுப்பு. மைனரின் உச்சியும் கன்னமும் மட்டுமே கறுப்பு. மார்பில் மீன் செதிலைப் போன்ற மெல்லிய வரிகள் இருக்கும். உள்நாட்டு வறண்ட பகுதிகளில் மைனரைப் போன்ற பறவை பறக்கும்போது வால் தொடங்கும் இடம் வெள்ளையாகத் தெரிந்தால், அது அதன் உறவான மஞ்சள் தொண்டை மைனர்.

இந்த ஒரு பிழையைத் திருத்துவதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வோர் அக்டோபரிலும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் பலரும் தங்கள் தோட்டத்துப் பறவைகளைப் பதிகிறார்கள். அதில் மைனரை மைனா என்று எழுதினால், வந்தேறியின் பரவலும் உள்ளூர்ப் பறவையின் எண்ணிக்கையும் சேர்ந்தே பிழைபடுகின்றன. உள்ளூர்ப் பறவையே ஆனாலும், மைனர்கள் அளவுக்கு மீறிப் பெருகும் இடங்களில் சிறு பறவைகள் விரட்டப்படுவதை 2014இல் ஆஸ்திரேலிய நடுவண் அரசு முக்கிய அச்சுறுத்தலாகப் பட்டியலிட்டது. எண்ணிக்கை சரியாக இருப்பது அதனாலும் தேவையாகிறது.

கறுப்பும் வெள்ளையும் கலந்த பறவை, படத்தில் ஐந்தாறு இருக்கின்றன

புதிதாக வந்தவர்களை அதிகம் அலைக்கழிக்கும் கூட்டம் இதுதான். இங்கே நிறம் எதையும் தீர்த்துவைக்காது. அலகையும் கண்ணையும் பாருங்கள்.

புல்வெளியில் காகத்தைப் போல அடியெடுத்து நடந்து, அவ்வப்போது தலையைச் சாய்த்துத் தரையைக் கவனிக்கும் பெரிய பறவை மேக்பை. அதன் அலகு வெளிர் நீலச்சாம்பல், நுனி மட்டும் கறுப்பு. பிடரி வெள்ளையாக இருக்கும். ஆனால் முதுகு சில பகுதிகளில் கறுப்பாகவும் வேறு பகுதிகளில் வெள்ளையாகவும் இருப்பதால், விக்டோரியாவில் காணும் வெண்முதுகுப் பறவையைத் தனி இனம் என்று எண்ணிவிட வேண்டாம். மேக்பையைவிடச் சற்றுப் பெரியதாக, அலகு முழுவதும் கறுப்பாக, கண் பளிச்சென்ற மஞ்சளாக, வாலின் அடியிலும் நுனியிலும் வெள்ளை தெரிந்தால் அது பைட் கரவாங். டாஸ்மேனியாவில் அந்த இனம் கிடையாது. அங்கே மஞ்சள் கண்ணோடு வாலடியில் வெள்ளை இல்லாத பறவையைக் கண்டால் அது கறுப்புக் கரவாங். அலகின் நுனி கொக்கி போல வளைந்து, தலையும் தொண்டையும் கறுப்பு முக்காடு போட்டது போல இருந்து, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை ஓடினால் பைட் புட்சர்பேர்ட்.

மிகச் சிறியதாக, வாலை இடைவிடாமல் பக்கவாட்டில் ஆட்டியபடி மாடு, நாய், மனிதர் என்று யாருக்கும் அஞ்சாமல் கிட்டே வருவது வில்லி வாக்டெயில். பெயர் வாலாட்டி என்று சொன்னாலும் இது நம் விசிறிவால் குருவியின் இனத்தார். வாலை விரிக்கும் விதத்தைக் கண்டவுடன் தமிழ்நாட்டில் பறவை பார்த்துப் பழகியவர்களுக்கு உறவு புரிந்துவிடும். தொண்டை கறுப்பாக இருந்தால்தான் வில்லி வாக்டெயில். அதே உருவில் தொண்டை வெள்ளையாக இருந்தால் ரெஸ்ட்லெஸ் ஃப்ளைகேட்சர்.

இடைப்பட்ட அளவில், மெல்லிய வெளிர் அலகோடு, வெளிறிய கண்ணோடு தரையில் நடப்பது மேக்பை லார்க். சிட்னியிலும் குயின்ஸ்லாந்திலும் பீவீ என்றும் விக்டோரியாவில் மட்லார்க் என்றும் அழைப்பதால், பக்கத்து வீட்டார் சொல்லும் பெயர் கையேட்டில் கிடைக்காமல் போகலாம். ஆணுக்குத் தொண்டை கறுப்பு, புருவம் வெள்ளை. பெண்ணுக்குத் தொண்டையும் நெற்றியும் வெள்ளை. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாரமட்டா ஆற்றங்கரைப் புல்வெளியில் ஒருமுறை, நெற்றி ஆணைப் போலக் கறுப்பாகவும் தொண்டை பெண்ணைப் போல வெள்ளையாகவும் உள்ள பறவை ஒன்றைக் கண்டேன். கண் கருமையாக இருந்தது, அலகும் வெளிறியிருக்கவில்லை. கையேட்டின் எந்த வரியோடும் அது பொருந்தாததால், இருகண்ணோக்கியை இறக்காமல் இருபது நிமிடம் நின்றேன். பிறகு கறுப்புத் தொண்டையோடு ஓர் ஆண் ஓடிவந்து, புழு ஒன்றை அதன் திறந்த வாயில் திணித்தது. நான் பார்த்தது அந்த ஆண்டுக் குஞ்சு; குஞ்சுகளுக்கு மட்டுமே இந்தக் கலவை முகம் உண்டு. யார் யாருக்கு ஊட்டுகிறார்கள் என்று காத்திருந்து பார்ப்பது எவ்வளவு பெரிய சான்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

முழுக் கறுப்பு: காகம் என்று எழுதலாமா?

முதலில் அது காகக் குடும்பம்தானா என்று பாருங்கள். கண் சிவந்து, வால் நீண்டு, அலகு வெளிறியிருந்தால் ஆண் குயில். வால் மீன்வால் போலப் பிளந்திருந்தால் இரட்டைவால் குருவியின் உறவான ஸ்பாங்கில்ட் ட்ராங்கோ. உடல் நீலம் பளபளக்க, கண் ஊதாவாக இருந்தால் ஆண் சாட்டின் பவர்பேர்ட். காகத்தைப் போலிருந்து, பறக்கும்போது இறக்கையில் வெள்ளை விரிந்து, கண் சிவப்பாக இருந்தால் வெண்சிறகு சஃப்.

உண்மையிலேயே காகக் குடும்பம் என்றால், உருவத்தைப் பார்த்து இனம் சொல்ல முயல வேண்டாம். இங்கே ஐந்து உள்ளூர் இனங்கள் உண்டு. வளர்ந்த பறவைகள் ஐந்துக்குமே கண் வெள்ளை, உடல் கறுப்பு. குரலும் ஊரும்தான் வழி. சிட்னியிலும் பெர்த்திலும் குழந்தை அழுவதைப் போல இறுதி ஓசையை இழுத்து, தாழ்த்தி முடித்தால் ஆஸ்திரேலியன் ரேவன். குரலெழுப்பும்போது அதன் தொண்டை இறகுகள் தாடி போலத் தொங்கும். பிரிஸ்பேனிலும் டார்வினிலும் மூக்கால் பேசுவது போன்ற குட்டையான ஓசைகள் அடுக்கி வந்தால் டோரேசியன் குரோ. மெல்பர்னில் ஒவ்வொரு கரைதலோடும் இறக்கையை ஒரு முறை உதறினால் லிட்டில் ரேவன். டாஸ்மேனியப் பெருந்தீவில் கனத்த குரலில் கரைவது ஃபாரஸ்ட் ரேவன்.

கழுத்து சாம்பலாக, கண் கருமையாக உள்ள காகம், அதாவது நம் வீட்டுக் காகம், இங்கே கப்பல்களில் தொற்றிக்கொண்டு வந்து சேர்வதுண்டு. அது நிலைகொண்டால் உள்ளூர்ப் பறவைகளுக்கும் பயிர்களுக்கும் கேடு என்பதால், கண்டால் படமெடுத்து அந்த மாநிலத்தின் உயிர்ப்பாதுகாப்புத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஊர் நினைவு வந்து மகிழ்ச்சியோடு கடந்துவிடக் கூடாத ஒரே பறவை இது.

எந்தப் படத்தோடும் பொருந்தவில்லை

கையேட்டில் இல்லாத பறவையைக் கண்டதாகத் தோன்றினால், அரிய இனம் என்று நினைப்பதற்கு முன் குஞ்சா, பெண்ணா, இறகு மாற்றும் காலத்து ஆணா என்று கேளுங்கள். ஆஸ்திரேலியக் கிளிகளிடம் இது அடிக்கடி நிகழும். நாட்டின் தென்கிழக்கில் கிரிம்சன் ரோசெல்லா வளர்ந்தபின் செக்கச்செவேல் என்று இருந்தாலும், இளம் பறவை பெரும்பாலும் பாசிப்பச்சை. ஆனால் இரண்டுக்கும் கன்னம் நீலம்தான். அந்த நீலக் கன்னம் வயதுக்கு ஏற்ப மாறுவதில்லை. பச்சைத் தலை, பச்சை மார்பு, சிவந்த வயிறு என்று இருந்து, நீலக் கன்னம் இல்லையென்றால், அது பெண் கிங் பேரட் அல்லது அதன் இளம் பறவை. சாட்டின் பவர்பேர்டின் ஆண் ஏழாம் ஆண்டில்தான் முழு நீலக்கருமையை அடைகிறது. அதுவரை பெண்ணைப் போலப் பச்சையாகவே திரியும். ஆகவே பழந்தோட்டத்தில் பச்சைப் பறவைகள் மட்டுமே இருந்தால் ஆண் இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

சூப்பர்ப் ஃபேரிரென் குடும்பங்களையும் இப்படியே அணுகலாம். நீல ஆண் ஒன்றும் அதைச் சூழ்ந்த பழுப்புப் பறவைகளும் தெரிந்தால், பழுப்பெல்லாம் பெண் என்று எழுதிவிடுகிறோம். அலகும் கண்ணைச் சுற்றிய பகுதியும் செம்பழுப்பாக, வால் பழுப்பாக இருந்தால் பெண். அலகு கறுப்பாக, வால் கருநீலமாக இருந்தால், இனப்பெருக்கக் கோலத்தைக் களைந்த ஆண்.

சிறிய பறவை ஒன்று தன்னைவிடப் பெரிய, முற்றிலும் வேறான குஞ்சுக்கு ஊட்டுவதைக் கண்டால், அது குயிலினத்துக் குஞ்சு. கோடையில் நகரங்களில், தேனருந்தும் பறவையான வாட்டில்பேர்ட் ஒன்று, புள்ளியும் வரியுமாக உள்ள பழுப்புக் குஞ்சுக்கு ஊட்டினால் கிழக்குக் குயிலின் குஞ்சு. கரவாங் ஒன்று, சாம்பல் நிறத்தில் பெரிய அலகுள்ள குஞ்சுக்கு ஊட்டினால் சானல்பில்ட் குயிலின் குஞ்சு.

சிறு பழுப்புக் குருவி, ஒரு நொடி கூட நிற்பதில்லை

யூகலிப்டஸ் காட்டில் கட்டைவிரல் அளவில் ஏதோ ஒன்று இலைக்கு இலை தாவிக்கொண்டே இருக்கும். இங்கே பொறுமை இழந்து எல்லாவற்றையும் தார்ன்பில் என்று எழுதிவிடுபவர்கள் அதிகம். எனக்கோ இந்தக் கூட்டம்தான் மிகவும் பிடித்தது, ஏனெனில் இதில் எந்தத் தளத்தில் இரை தேடுகிறது என்பதே பாதி விடையைத் தந்துவிடுகிறது.

தரையில் கூட்டமாக மேய்ந்து, எழும்பும்போது வாலடி பளிச்சென்று மஞ்சளாக மின்னினால் மஞ்சள் பிட்டத் தார்ன்பில். நெற்றி கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். இடுப்பளவுப் புதர்களில் இருந்து, நெற்றி செம்பழுப்பாகச் செதில் செதிலாக, மார்பில் கரும்கோடுகளோடு, கண் கருஞ்சிவப்பாக இருந்தால் பிரவுன் தார்ன்பில். மர உச்சியிலேயே இருந்து, தலையுச்சியிலும் கன்னத்திலும் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் ஸ்ட்ரையேட்டட் தார்ன்பில். கருவேல இனத்து மரங்களிலும் சவுக்கிலும், கழுத்தை வளைத்துப் பார்த்தும் மார்பில் கோடே இல்லாமல் கண் கருமையாக இருந்தால் மஞ்சள் தார்ன்பில். இவற்றைவிடக் குட்டையான வெளிர் அலகும் வெளிறிய கண்ணும் கொண்டு உச்சியில் துள்ளும் பறவை வீபில். ஆஸ்திரேலியப் பறவைகளிலேயே மிகச் சிறியதான இதன் நீளம் 8 அல்லது 9 சென்டிமீட்டர்தான், குரலோ உடலுக்குச் சற்றும் பொருந்தாத அளவு ஓங்கியது. புதரின் அடியில், உதிர்ந்த இலைகளுக்கிடையே, வெண்புருவத்தோடும் வெளிறிய கண்ணோடும் கோபமாக முறைப்பது போல நின்றால் ஸ்க்ரப்ரென்.

கண்ணின் நிறம் இத்தனை சிறிய பறவையில் தெரியுமா என்று கேட்கலாம். தெரியும், ஒரு புதரைத் தேர்ந்தெடுத்து, பறவையைத் துரத்தாமல், பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். துரத்தும்போது முதுகுதான் தெரியும்; நின்றால் முகத்தைக் காட்டிவிடும்.

இரவில் ஓசை மட்டும் கேட்கிறது

முதலில் அது பறவைதானா என்று ஐயுறுங்கள். அத்தி மரத்தில் கீச்சிட்டுச் சண்டையிடுவது பழந்தின்னி வௌவால்கள். காட்டுப் பகுதியில் பன்றியைப் போல உறுமுவது ஆண் கோவாலா.

பறவை என்றால், இரு அசைகளாகப் பூ-புக் என்று சீராகத் திரும்பத் திரும்ப ஒலிப்பது பூபுக் ஆந்தை. ஆழ்ந்த ஊம்-ஊம்-ஊம் என்று மார்பிலிருந்து வருவது போல இருந்தால் தவளைவாயன். பகலில் இது முறிந்த கிளை போல விறைத்து அமர்ந்திருக்கும். ஆந்தை என்று பலரும் எழுதினாலும், ஆந்தைக்குரிய வலிய கால்கள் இதற்கு இல்லை. பெண் ஓலமிடுவது போன்ற நீண்ட அலறல் பிரிஸ்பேனிலோ டவுன்ஸ்வில்லிலோ கேட்டால், நம் கண்கிலேடியின் உறவான புஷ் ஸ்டோன்கர்லூ. இரவில் தலைக்கு மேல் கறகறவென்று அலறிக்கொண்டு பறப்பது மாஸ்க்ட் லாப்விங். நம் வயல்வெளி ஆட்காட்டியின் இனம் என்பது குரலிலேயே புரியும். செப்டம்பருக்குப் பின் விடியற்காலை மூன்று மணிக்குக் கூவித் தூக்கம் கெடுப்பது, நியூ கினி பக்கமிருந்து வலசை வந்த கிழக்குக் குயில். நிலவொளியில் இனிய சிறு பாட்டு ஒன்று விட்டுவிட்டுக் கேட்டால், பகலில் பார்த்த அதே வில்லி வாக்டெயில்தான்.

நம் ஊரில் பார்த்த பறவையேதான் என்று தோன்றுகிறது

சில வேளை அது உண்மையே. டார்வினில் வட்டமிடும் கரும்பருந்தும், வடக்குக் கரையோரச் செம்பருந்தும், மாடுகளின் பின் நடக்கும் உண்ணிக்கொக்கும் நமக்கு நன்கு அறிமுகமானவை. உண்ணிக்கொக்கு 1940களில் தானாகவே வடக்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்து பரவியது. பருந்துகளில் வாலைப் பாருங்கள். நடுவில் சற்றே பிளந்திருந்தால் கரும்பருந்து. உருண்டு வெளிறியிருந்தால் விசிலிங் கைட். ஆப்பு வடிவில் நீண்டு, இறக்கை விரிப்பு 2 மீட்டரைத் தாண்டினால் வெட்ஜ்டெயில்ட் கழுகு. இளம் செம்பருந்துக்கு வெண்தலை இன்னும் வந்திராததால் அதை விசிலிங் கைட்டோடு குழப்புவது எளிது. செம்பருந்தின் வால் குட்டை.

வெண்கொக்குகளில் வாய்ப்பிளவின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டால் பெரிய கொக்கு, கண்ணின் கீழேயே நின்றால் நடுத்தரக் கொக்கு.

கரைப்பறவைகள் எல்லாம் ஒரே சாம்பலாக இருக்கின்றன

சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் கூடு கட்டும் உள்ளான்களும் மூக்கன்களும் ஆகஸ்ட், செப்டம்பர் முதல் இங்கே வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்பும். 2022இல் இளம் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை இடையில் இறங்காமல் பறந்தது செயற்கைக்கோள் கருவி மூலம் பதிவானது. அவை இங்கிருக்கும் மாதங்களில் இனப்பெருக்க நிறம் மங்கி, அனைத்தும் சாம்பலாகவே தெரியும். கையேட்டின் செந்நிறப் படத்தை மறைத்துவிட்டு, அலகின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். அலகு கீழ்நோக்கி வளைந்து, பறக்கும்போது வாலடி வெள்ளையாக இருந்தால், கோடியக்கரையிலும் காணக்கூடிய வளைமூக்கு உள்ளான். அலகு ஏறத்தாழ நேராக, உச்சி செம்பழுப்பாக, கால் மஞ்சள்பச்சையாக இருந்தால் ஷார்ப்டெயில்ட் உள்ளான். மற்றவை வடக்கே போய்விட்ட ஜூன் மாதக் குளிரில் சேற்றில் ஒரு சிறு உப்புக்கொத்தியைக் கண்டால், நியூசிலாந்திலிருந்து எதிர்த்திசையில் வரும் டபுள்பேண்டட் உப்புக்கொத்தியை முதலில் எண்ணிப் பாருங்கள்.

செயலி ஒரு பெயர் சொல்கிறது, மனம் ஒப்பவில்லை

படத்தையோ குரலையோ கொண்டு பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் நல்ல துணை. ஆனால் இடமும் தேதியும் சரியாகப் பதியப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். செயலி தரும் பெயருக்குரிய பறவை அந்தப் பகுதியில் அந்த மாதத்தில் இருக்குமா என்பதைப் பரவல் வரைபடத்தில் சரிபாருங்கள்.

ஜூலை மாதத்தில் ஒருநாள், சிட்னிக்குத் தெற்கே ராயல் தேசியப் பூங்காவின் லேடி கேரிங்டன் டிரைவில், என் கைபேசி சில நிமிடங்களில் விப்பேர்ட், ரோசெல்லா, கரவாங், கூக்கபுரா என்று அடுக்கிக்கொண்டே போனது. கண்ணுக்கு ஒரு பறவையும் தெரியவில்லை. ஓசைகள் அனைத்தும் சரிவில் இருந்த ஒரே பெரணிப் புதரிலிருந்து வந்தன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று முறை ஒலித்து, மூச்சுவிடும் இடைவெளி கூட இல்லாமல் அடுத்ததற்கு மாறியது. அது பிற பறவைகளின் குரல்களை அப்படியே பாடிக்காட்டும் லயர்பேர்ட். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆண் பறவை மிகுதியாகப் பாடும் காலம். பட்டியல் நீள்கிறது, திசை மாறவில்லை என்றால், பத்துப் பறவைகளையும் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் எழுதுங்கள். பறவையை வெளியே வரவைக்கப் பதிவுக்குரலை ஒலிக்க வேண்டாம். தன் எல்லைக்குள் போட்டியாள் வந்துவிட்டதாக எண்ணி, அது இரை தேடுவதை விட்டுவிட்டுத் திரியும்.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் தீராவிட்டால், இனப்பெயரை ஊகித்து எழுதாமல், பறவைப் பதிவுகளுக்கான இணையத்தளமான ஈபேர்டில் உள்ளபடி தார்ன்பில் வகை, ரேவன் அல்லது குரோ என்று பொதுப்பெயரில் பதியலாம். தேதி, நேரம், மரம், அலகு, கண் ஆகியவற்றைக் குறிப்பில் எழுதி, தெளிவற்றதே ஆனாலும் ஒரு படத்தை இணையுங்கள். தார்ன்பில் போன்றவை ஆண்டு முழுதும் அதே இடத்தைச் சுற்றியே வாழ்பவை. அடுத்த வாரம் அதே புதருக்கு, அதே காலைப் பொழுதில், இம்முறை கண்ணை மட்டும் பார்ப்பது என்ற முடிவோடு போய் நில்லுங்கள்.